இந்த நகரம் நமக்குப் புதிதல்ல: சென்னையில் நாம் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் மாதம் 'மெட்ராஸ் தினம்' கொண்டாடப்படுகிறது. 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, பாரம்பரிய நடைப்பயணம், புகைப்படக் கண்காட்சி, பழைய கட்டடங்களைப் பற்றிய சொற்பொழிவு என்று ஒரு வாரம் அமர்க்களப்படும். போய்விட்டு வரும் நம் மாணவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் நல்லா இருந்துச்சுக்கா. ஆனா நம்ம ஆளுங்க யாருமே அந்தக் கதையில வரலையே."

இதைச் சின்னக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். இதே நகரத்தில்தான் கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற ஒரே சொல்லால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்துக்கு இந்த ஊரில் வரலாறே இல்லை என்று நிறுவிவிட்டால், அவர்களுக்கு இங்கே இடமும் இல்லை என்று சொல்வது சுலபம். ஆகவே நகரத்தின் வரலாற்றில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது வீட்டுமனையோடும் பள்ளிக்கூடத்தோடும் தொடர்புள்ள கேள்வி.

நாம் இருக்கிறோம். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறோம். சான்றுகள் இதே கட்டடங்களிலும் அருங்காட்சியகங்களிலும்தான் கிடக்கின்றன. அவற்றைக் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான். ஒரு நாளில் முடிக்க முடியாது. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டை

தலைமைச் செயலகம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை உண்டு. அடையாள அட்டை எடுத்துப் போங்கள். கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் 1795-ல் வணிகர்கள் கூடும் மாளிகையாகக் கட்டி முடிக்கப்பட்டது. 1948-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உள்ளே வாள், துப்பாக்கி, நாணயம், பீங்கான், ஆளுநர்களின் ஆளுயர ஓவியங்கள். இவற்றை வேகமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்கு வாருங்கள். 1680-ல் கட்டப்பட்டது. அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேல் என்பவருடையது. அவர் 1687 முதல் 1692 வரை இங்கே ஆளுநர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர் வந்தது அவர் கொடுத்த நன்கொடையால். வழிகாட்டிகள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள்.

சொல்லாத கதை ஒன்று உண்டு. 1680-களில் இந்தக் கோட்டையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் உண்டு. செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை அனுப்பச் சொன்ன உத்தரவுகள் கம்பெனியின் சொந்தக் குறிப்பேடுகளிலேயே இருக்கின்றன. யேல் ஆளுநராக இருந்த காலமும் அதில் அடங்கும். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இன்று இது பேசப்படுகிறது. நம் ஊர் நடைப்பயணங்களில் மட்டும் ஏன் பேசப்படுவதில்லை?

கோட்டைக்கு வெளியே நிற்கும் உயர் நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புக்காக அதை இடித்துத் தரைமட்டமாக்கி, மக்களை வடக்கே தள்ளினார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் அப்படி வளர்ந்த பகுதி. அதை ஒட்டிப் 'பெரிய பறச்சேரி' என்ற குடியிருப்பு இருந்ததைக் கம்பெனி ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. வெள்ளைக்காரர் வீடுகளின் சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கம்பெனிப் படையின் சிப்பாய்கள் எனப் பலர் இப்படிப்பட்ட சேரிகளிலிருந்து வந்தவர்கள். நகரம் தோன்றிய காலத்தோடு நம் சேரியும் தோன்றிவிட்டது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையை விட்டு வெளியேறும் முன் இன்னொன்று. 1921 முதல் 1937 வரை சென்னை மாகாணச் சட்டமன்றம் இந்தக் கோட்டைக்குள்தான் கூடியது. 'பறையர்', 'பஞ்சமர்' ஆகிய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எம்.சி. ராஜா இங்கேதான் கொண்டுவந்தார். 1922-ல் அது அரசாணையானது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடை கூடாது என்ற தீர்மானத்தை 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்ததும் இங்கேதான். அதே ஆண்டு அதுவும் அரசாணையானது. நாம் இன்று தெருவில் நடக்கும் உரிமைக்குக் காகித வடிவம் கிடைத்த இடம் இது. அடிமைக் கப்பலின் கணக்கு எழுதப்பட்ட அதே மதில்களுக்குள்.

எழும்பூர் அருங்காட்சியகம்

1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டு காரணங்களுக்காக இங்கே போக வேண்டும்.

முதலாவது, அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவின் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இங்கே ஒரு கூடம் நிறைய இருக்கின்றன. அந்த ஸ்தூபியின் இன்னொரு பெரும் பகுதி லண்டனில் இருக்கிறது. வெண்கலக் கூடத்தில் நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் சிலைகளையும் தேடிப் பாருங்கள். தமிழ்க் கடற்கரையில் சோழர் காலத்திலும் பௌத்தம் உயிரோடு இருந்ததற்கு அவை சான்று. ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தர்கள், பௌத்தத்தைக் கைவிடாததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியபோது பலர் சிரித்தார்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் அரை மணி நேரம் நின்றால், 'தமிழகத்தின் மதம் என்றைக்கும் ஒன்றுதான்' என்று யாரும் உங்களிடம் சொல்லி ஏமாற்ற முடியாது.

இரண்டாவது காரணம் கசப்பானது. 1885 முதல் 1908 வரை இந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்று 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த நூலின் ஆசிரியர். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் நூல். தர்ஸ்டன் இடுக்கிபோன்ற கருவிகளால் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்று நம்பிய காலம் அது. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடலைத் தேர்ந்தெடுத்துப் பதப்படுத்தி மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று பயந்து ஓடியதை அவரே வேடிக்கைபோல் எழுதியிருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்கு அருங்காட்சியகம் என்றால் என்னவென்று சரியாகவே புரிந்திருந்தது: தங்களைப் போன்றவர்கள் அங்கே பார்வையாளராகப் போக மாட்டார்கள், காட்சிப் பொருளாகத்தான் போவார்கள்.

இன்று நாம் பார்வையாளராகப் போகிறோம். பழங்குடிகள் பற்றிய காட்சிப் பகுதியில் நிற்கும்போது கேளுங்கள்: இந்தப் பொருள்களை யார் எடுத்து வந்தார்கள்? யாருடைய சொற்களில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது? அந்த மக்களிடம் யாராவது கேட்டார்களா?

ஆவணக் காப்பகம்

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1909-ல் கட்டப்பட்ட சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பித்து உள்ளே போகலாம்.

நமக்கு இதைவிட முக்கியமான கட்டடம் சென்னையில் இல்லை என்பேன். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உழைக்கும் மக்கள் சொந்தமாக நிலம் பெறுவதை மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட எப்படி அவர்கள் பிடியில் இருக்கிறது என்பதை விரிவாகப் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது தொடங்குகிறது. மற்ற சமூகத்தவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். அது இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நூறு வருடப் பழைய காகிதத்தில் இருந்த ஓர் உரிமைக்காக இரண்டு உயிர்கள். பழைய காகிதம்தானே என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இராயப்பேட்டை

இங்கே பார்ப்பதற்குக் கட்டடம் அதிகம் இல்லை. நடக்கத் தெரு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலித் அரசியலின் தலைநகரமாக இருந்தது இந்தப் பகுதி. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். வசையாகச் சொன்ன பெயரையே இதழின் தலைப்பாக வைத்தார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடத்தினால் ஒரே சாதியின் கையில் நிர்வாகம் போய்விடும் என்று, அதே ஆண்டு டிசம்பரில் இங்கிருந்த வெஸ்லி மிஷன் கல்லூரி மண்டபத்தில் நம்மவர்கள் கூடினார்கள். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. கையெழுத்துப் போடவே பள்ளிக்கூடம் கிடைக்காத காலத்தில்!

அயோத்திதாசர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியதும் இராயப்பேட்டையில்தான். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் மறையும்வரை அதை நடத்தினார். சாதாரணத் தொழிலாளர்கள் வாங்கிப் படித்த இதழ் அது. அந்தப் பிரதிகளை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பல ஆண்டுகள் பாதுகாத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் 1999-ல் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. நம் வரலாற்றின் முதல் அருங்காட்சியகம் நம் வீட்டுப் பரணும் டிரங்குப் பெட்டியும்தான்.

அடையாறும் கால்வாயும்

பெசன்ட் நகர் போனால் கடற்கரைக்கு முன் ஆல்காட் நினைவுப் பள்ளியைப் பாருங்கள். பஞ்சமர் பிள்ளைகளுக்காக 1894-ல் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி. மற்ற பள்ளிகளின் வாசலில்கூட நம் பிள்ளைகளை நிற்க விடாத காலத்தில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. ஆல்காட்டின் துணையோடுதான் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார்.

அங்கிருந்து திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஏறிச் சன்னலோரம் உட்காருங்கள். கீழே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் பக்கிங்காம் கால்வாய். நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877–78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பசியோடு வந்தவர்கள் அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அதிகம் செத்தவர்கள் நிலமற்ற கூலி மக்கள். கால்வாய்க்கு வைத்த பெயரோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. அதே கால்வாயின் கரையில் குடிசை போட்டவர்களைத்தான் நாம் ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு ரயில் விட்டதற்கு மட்டும் அந்தச் சொல் பொருந்தவில்லை.

பெரம்பூரும் புளியந்தோப்பும்

இங்கே பார்க்க வேண்டியது இல்லாமல் போன ஒரு கட்டடம். பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் சேர்ந்த பின்னி மில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. 1996-ல் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

1921 வேலைநிறுத்தத்தைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் என்று கேட்பதில்லை. வேலை நின்றால் ஊரில் போய்ச் சாப்பிட அவர்களுக்குக் காணி இல்லை. கடன் கொடுக்க உறவு இல்லை. சங்கத்துக்குள்ளும் சாதி இருந்தது. முடிவில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் பரவியது, ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். இந்தச் சமயத்தில்தான், பிரச்சினைக்குத் தீர்வாக ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்ற யோசனை எழுந்தது. அதைச் சொன்னவர்களில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரும் ஒருவர். எம்.சி. ராஜா கடுமையாக எதிர்த்தார். பின்னர் அந்தக் கட்சியை விட்டும் விலகினார்.

நகரத்தில் பிரச்சினையா, சேரியை வெளியே தூக்கிப் போடு. 1921-ல் சொன்ன அதே தீர்வைத்தான் இன்று 'மறுகுடியமர்வு' என்று சொல்கிறார்கள். நான் வேலை செய்யும் பகுதியில், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது, "பழைய ஸ்கூல் தூரமாயிடுச்சு." அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் சிலர் பின்னியில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு ஆலையில் ஒரு சிறு கூடம்கூட மிச்சம் வைக்கவில்லை. பூட்டுத் தொழிற்சாலையையும் துணி ஆலையையும் அருங்காட்சியகமாக்கிக் காட்டும் நாடுகள் இருக்கின்றன. இங்கே ஒரு பலகைக்கும் வழியில்லை.

ஓட்டேரி, ரிப்பன் மாளிகை, கிண்டி

ஓட்டேரி இடுகாட்டில் இரட்டைமலை சீனிவாசனின் கல்லறை இருக்கிறது. 'உரிமைக் களம்' என்று பெயர். அம்பேத்கரோடு வட்டமேஜை மாநாட்டில் அமர்ந்தவர் 1945-ல் இங்கே அடங்கினார். செப்டம்பர் 18 நினைவு நாளில் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் போய்ப் பாருங்கள், நிதானமாக நிற்கலாம்.

1913-ல் கட்டப்பட்ட ரிப்பன் மாளிகையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதன் வெள்ளை நிறத்தைப் பேசுவார்கள். 1945-ல் அங்கே மேயராக அமர்ந்தவர் என். சிவராஜ், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அகில இந்திய பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் தலைவரானவர். அவருடைய இணையர் அன்னை மீனாம்பாள், அந்தக் கூட்டமைப்பைத் தமிழகத்தில் கட்டியவர்களில் முதன்மையானவர். மாநகராட்சியைப் பற்றிப் பேசும்போது துப்புரவுத் தொழிலாளியாக மட்டும் நம்மைப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர்களையும் சொல்லுங்கள்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023 முதல் அயோத்திதாசருக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. நல்லதுதான், கேட்டுப் பெற்றவை. ஆனால் மணிமண்டபத்தில் சிலை இருக்கும். அவர்கள் எழுதியது இருக்காது, எதிர்த்தது இருக்காது. சிலைக்கு மாலை போடுவது அரசாங்கத்துக்குச் சுலபம். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுப்பது கஷ்டம்.

போய்ப் பார்த்தபின் என்ன செய்வது?

மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் தெருவின் வயதைக் கண்டுபிடியுங்கள். பாட்டியிடம் கேளுங்கள். பழைய குடும்ப அட்டை, மில் அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, கல்யாணப் புகைப்படம், தேவாலய ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, தேதி போட்டு, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வெளியேற்ற அறிவிப்பு வரும் நாளில் இவைதான் முதலில் தேவைப்படும்.

இரண்டு, விடுதி மாணவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் இருக்கும் விடுதியில் தங்கிப் படித்து வெளியேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அவற்றைப் பேட்டி எடுத்து எழுதினாலே ஒரு காப்பகம்.

மூன்று, கேளுங்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு விளக்கப் பலகை, இராயப்பேட்டையில் 'தமிழன்' இதழுக்கு ஒரு பலகை, பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஓர் அருங்காட்சியகம். மனு எழுதுங்கள். 112 அடி வேண்டாம், ஒரு பக்கம் போதும். ஆனால் கையெழுத்துகள் நிறைய இருக்கட்டும்.

அடுத்த ஆகஸ்டில் மெட்ராஸ் தினம் வரும்போது நாமே ஒரு நடை நடத்தலாம். பெரிய பறச்சேரியில் தொடங்கி உரிமைக் களத்தில் முடிப்போம்.

ஜெய்பீம்.